நான்கு விரல் அகலம்

போன ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஸ்டாண்டப் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. மதுரையிலிருந்து அம்மா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். மூன்றாவது தடவை கேமராவை அணைத்துவிட்டு எடுத்தேன்.

"பாப்பா ஸ்கூல்ல மயங்கி விழுந்துட்டாடி. பயப்படாத, அந்த நாள்தான். வயித்து வலி தாங்க முடியலயாம். உனக்கு ஊசி போட்டாங்கள்ல அந்தம்மா, அவங்ககிட்ட கூட்டிட்டுப் போயிரட்டா? உங்கக்கா உன்னையக் கேக்கச் சொன்னா."

பாப்பா என் அக்கா மகள். பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. ஊசி என்று அம்மா சொன்னது அக்குபங்சரை. எங்கள் வீட்டில் அதற்கு நான்தான் சாட்சி. "இவளுக்கே சரியாப் போச்சே" என்று அம்மா தெருவில் பல பேரிடம் சொல்லியிருக்கிறாள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு "கூட்டிட்டுப் போ" என்று வாயில் வரவில்லை. "சாயந்திரம் பேசுறேம்மா" என்று வைத்துவிட்டேன். மீட்டிங்கில் என் முறை வந்தபோது முந்தின நாள் என்ன வேலை பார்த்தேன் என்பதே மறந்துவிட்டது.

எனக்கு இந்த வலி பதினான்கு வயதில் தொடங்கியது. முதல் நாள் காலையில் அடிவயிற்றில் யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஆரம்பிக்கும். அங்கிருந்து இடுப்பைச் சுற்றிக்கொண்டு தொடை வரைக்கும் இறங்கும். இரண்டு தடவையாவது வாந்தி வரும். இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் வெந்நீர்ப் பை கிடையாது. தண்ணீர் பாட்டிலில் சுடுதண்ணீரை ஊற்றி வயிற்றில் வைத்துக்கொள்வேன். பாட்டில் நெளிந்து சொட்டையாகிவிடும். அப்படி நெளிந்த பாட்டில்கள் எங்கள் மாடியில் பல அறைகளில் இருந்தன. யாரும் யாரையும் எதுவும் கேட்டுக்கொள்ளமாட்டோம். வேலைக்கு வந்த பிறகு லீவ் போடும்போது காரணம் என்ற கட்டத்தில் காய்ச்சல் என்று அடிப்பேன். ஒரு வருடத்தில் எட்டு தடவை ஒரேநாள் காய்ச்சல் வந்து போனவளாக எங்கள் கம்பெனி சிஸ்டத்தில் நான் பதிவாகியிருக்கிறேன்.

இருபத்திரண்டு வயதில் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போனேன். வெளியே இரண்டு மணிநேரம், உள்ளே நான்கு நிமிஷம். "எல்லாருக்கும் வர்றதுதாம்மா. கல்யாணமாகி ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும்" என்றார். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, சில பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு இந்த வலி குறைகிறது. ஆனால் வலிக்கு மருந்து கேட்டுப் போனவளுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்வதை ட்ரீட்மென்ட் என்று எப்படி எடுத்துக்கொள்வது? சீட்டில் ஒரு மாத்திரை எழுதியிருந்தது. எப்போது போடவேண்டும், எத்தனை தடவை போடலாம் என்று ஒரு வார்த்தை இல்லை. நானும் பல வருடம் அதை வலி உச்சத்துக்குப் போனபிறகுதான் போட்டேன். போட்டதும் வாந்தியோடு வெளியே வந்துவிடும். "எனக்கு மாத்திரை கேக்காது" என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

2021இல் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில் மதுரைக்குப் போய்விட்டேன். ஆகஸ்டில் ஒரு மாதம் வலி மிக மோசமாக வந்து பாத்ரூம் தரையிலேயே படுத்துக்கிடந்தேன். அதைப் பார்த்த அம்மாதான் அந்த அக்குபங்சர் அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். பாத்திரக்கடைக்கு மேலே மாடியில் ஒரு அறை. இரண்டு கட்டில், ஒரு திரை, சுவரில் உடம்பு முழுக்கப் புள்ளி வைத்த ஒரு படம். நாக்கைப் பார்த்தார், நாடி பிடித்தார். அப்புறம் கேள்வி. வலி இடப்பக்கம் ஆரம்பிக்குமா வலப்பக்கமா? சூடு வைத்தால் குறையுதா? அந்த நாட்களில் கோபம் வருமா அழுகை வருமா? ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவாய்? முக்கால் மணிநேரம் போனது. பதினைந்து வருட வலியில் அத்தனை நேரம் என்னிடம் அதைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

பிறகு ஊசிகள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒன்று, தொப்புளுக்குக் கீழே ஒன்று, கணுக்காலின் உள்பக்க எலும்புக்கு மேலே நான்கு விரல் அகலம் தள்ளி ஒன்று. "ஒன் விரலாலதான் அளக்கணும். என் விரல் கணக்கு ஒனக்கு ஆகாது" என்று என் கையை எடுத்தே வைத்து அளந்தார். சீன முறையில் அந்தக் கணுக்கால் புள்ளிக்குச் சான்யின்ஜியாவ் என்று பெயர், மூன்று யின் பாதைகள் சந்திக்கும் இடம் என்று அர்த்தம். மாதவிடாய் வலி பற்றிய அக்குபங்சர் ஆய்வுகளில் இதுதான் அடிக்கடி வரும் புள்ளி. குத்தும்போது எறும்பு கடித்த மாதிரி இருந்தது. பிறகு கால் கனத்தது. இருபது நிமிஷம் அசையாமல் படுத்திருந்தேன். தூங்கியேவிட்டேன்.

எழுந்து போகும்போது ஒன்று சொன்னார். "மாத்திரைய நிப்பாட்டிரு. அது கழிவை உள்ளயே தேக்கிரும்."

எனக்கு எதையும் எக்ஸெலில் போட்டு வைக்கும் பழக்கம் உண்டு. அந்த வருடம் ஜனவரியிலிருந்தே வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு ஷீட் வைத்திருந்தேன். ஊசிக்கு முந்தின நான்கு மாதங்கள் 7, 8, 7, 9. ஊசி தொடங்கிய பிறகு 5, 4, 4, 3. வேறென்ன வேண்டும்? ஃபிரெண்ட்ஸுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன்.

டீமில் என்னைவிட இளைய பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் இதே வலி. அவளிடமும் அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன். சென்னையில் வேறொரு இடத்தில் போய்ப் பார்த்தாள். அங்கேயும் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினாள். முதல் மாதம் வலி குறைந்த மாதிரி இருந்தது என்றாள். அப்புறம் இல்லை. "உடம்பு கழிவை வெளியேத்துது, அதான் கூடுது, பொறுத்துக்கோ" என்று சொல்லியிருக்கிறார்கள். ஏழு மாதம் பொறுத்துக்கொண்டாள். கடைசியில் ஒரு லேப்ராஸ்கோப்பி செய்ததில் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது. மாதவிடாய் வயதில் இருக்கும் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இது இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண்டுபிடிக்க வருடக்கணக்கில் தாமதமாவதும் உலகம் முழுக்க நடப்பதுதான். அவள் விஷயத்தில் அந்தத் தாமதத்தில் ஏழு மாதம் என்னுடையது. அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "நீங்க நல்லதுக்குத்தானக்கா சொன்னீங்க" என்றாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

*

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பது எனக்குத் தொழில் இல்லை. ஆனால் ஏ/பி டெஸ்ட் நடத்துவது தொழில். பட்டனை நீலத்திலிருந்து பச்சைக்கு மாற்றினால் அதிகம் பேர் அழுத்துகிறார்களா என்று பார்க்க லட்சம் பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிப்போம். அதற்கே இவ்வளவு மெனக்கெடும் நான், என் உடம்பு விஷயத்தில் எட்டே எண்களை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நோய் எதுவும் இல்லாமல் வரும் சாதாரண மாதவிடாய் வலியில் முக்கியமான வில்லன் புரோஸ்டாகிளாண்டின். கருப்பையின் உட்சுவர் உதிரும்போது இது சுரந்து கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. ரத்த ஓட்டம் தடைப்படுகிறது, வலிக்கிறது. இதை மனக்கோளாறு என்றும் பெண்களின் பலவீனம் என்றும் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், 1957இல், இங்கிலாந்தில் பிக்கிள்ஸ் என்ற உடலியல் ஆய்வாளர் மாதவிடாய்த் திரவத்தில் தசையைச் சுருங்கவைக்கும் ஒரு பொருள் இருப்பதைக் காட்டினார். ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே தடுக்கின்றன என்று 1971இல் ஜான் வேன் கண்டுபிடித்தார். 1982இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். இபுபுரோஃபென், மெஃபனமிக் ஆசிட் எல்லாம் இந்த வகைதான். உற்பத்தியைத் தடுக்கிற மருந்தை உற்பத்தி முடிந்தபிறகு போட்டால் என்ன பிரயோஜனம்? எனக்கு மாத்திரை கேட்காமல் போன ரகசியம் இதுதான். பல வருடம் தவறான நேரத்தில் போட்டிருக்கிறேன். சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

இந்த மாத்திரைகளைப் பற்றி 2015இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு 80 சோதனைகளை, 5,820 பெண்களை உள்ளடக்கியது. வெற்று மாத்திரை போட்டவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நல்ல நிவாரணம் கிடைத்தால், நிஜ மாத்திரையில் 45 முதல் 53 பேருக்குக் கிடைக்கும் என்பது அதன் கணக்கு. இதில் இரண்டு விஷயம் உண்டு. மாத்திரை நிஜமாகவே வேலை செய்கிறது. அதே நேரம் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு அது போதவில்லை. அந்தப் பாதிப்பேர்தான் மாடி அறைகளைத் தேடிப் போகிறார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இப்போது ஊசி. நான் படித்ததில் பழையது 1987இல் அமெரிக்காவில் ஜோசப் ஹெல்ம்ஸ் நடத்திய சோதனை. 43 பெண்கள், நான்கு குழு, ஒரு வருடம். சரியான புள்ளிகளில் குத்தப்பட்ட 11 பேரில் 10 பேருக்கு முன்னேற்றம். தவறான இடங்களில் குத்தப்பட்ட 11 பேரில் 4 பேருக்கு. எதுவும் செய்யப்படாத 11 பேரில் 2 பேருக்கு. மருத்துவரைச் சந்தித்துப் பேச மட்டும் செய்த 10 பேரில் ஒருவருக்கு. படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். பதினொன்றுக்குப் பத்து! ஆனால் குழுவுக்குப் பதினோரு பேர் என்பது எங்கள் டீமைவிடச் சின்னது. இரண்டு மூன்று பேர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாறினால் கதையே மாறிவிடும். இதை வேறு ஆட்கள், பெரிய அளவில், திரும்பச் செய்து பார்க்க வேண்டும்.

2008இல் பெர்லினிலிருந்து கிளாடியா விட் குழு பெரிதாகச் செய்தது. 201 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப்பேருக்கு உடனே ஊசி, மீதிப்பேருக்கு மூன்று மாதம் கழித்து ஊசி. மூன்று மாத முடிவில் ஊசிக் குழுவின் வலி பத்துக்கு 3.1. காத்திருந்த குழுவுக்கு 5.4. என் ஷீட்டையே ஜெர்மனியில் நடத்தியதுபோல் இருந்தது. இந்தச் சோதனையில் போலி ஊசி கிடையாது. இந்தக் குழுவுக்குச் சிகிச்சை, அந்தக் குழுவுக்குக் காத்திருப்பு, அது இருவருக்குமே தெரியும். ஊசிக்குப் போனால் நன்றாக இருக்குமா என்ற கேள்விக்கு இது நல்ல பதில். ஊசிதான் காரணமா என்ற கேள்விக்கு இதில் பதிலே இல்லை.

அந்த இரண்டாவது கேள்விக்குப் போலி ஊசி வேண்டும். மாத்திரையில் போலி செய்வது சுலபம், சர்க்கரையை உருட்டிக் கொடுத்துவிடலாம். குத்தாமல் குத்தியதாக எப்படி நம்பவைப்பது? 1998இல் ஸ்ட்ரைட்பெர்கர் என்ற ஜெர்மன் மருத்துவர் ஒரு ஊசியைச் செய்தார். முனை மொட்டை. தோலில் பட்டதும் தண்டு கைப்பிடிக்குள் போய்விடும். நாடகத்தில் குத்திக்கொள்ளும் கத்தி மாதிரி. பார்ப்பவருக்கு உள்ளே இறங்கிய மாதிரி இருக்கும், லேசாகச் சுருக்கென்றும் இருக்கும். ஆனாலும் குத்துகிறவருக்கு எது போலி என்று தெரிந்துதான் இருக்கும். அவர் முகத்தை எப்படி மறைப்பது? இது இன்றுவரை முழுதாகத் தீராத சிக்கல்.

2011இல் ஆஸ்திரேலியாவில் கரோலின் ஸ்மித் குழு வெளியிட்ட சோதனையில் 92 இளம் பெண்கள், 14 முதல் 25 வயது. பாப்பாவின் வயதுக்கு நான் பார்த்ததிலேயே நெருக்கமான சோதனை இது. ஒரு பாதிக்கு நிஜ ஊசி. மறுபாதிக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் உள்ளே இறங்காத ஊசி. மூன்று மாதத்தில் ஒன்பது தடவை. ஊசிக் குழுவில் வலி கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் தற்செயலாகவே வந்திருக்கக்கூடிய அளவு வித்தியாசம்தான். ஸ்மித் அக்குபங்சரைக் கவிழ்க்கக் கிளம்பியவர் இல்லை, பல வருடங்களாக அந்தத் துறையிலேயே ஆய்வு செய்பவர். தனக்குப் பிடித்த ஃபீச்சர் டெஸ்டில் தோற்றதை அப்படியே ரிப்போர்ட் எழுதும் ஆட்களை எங்கள் துறையில் நான் அதிகம் பார்த்ததில்லை.

அதே ஸ்மித் தலைமையில் 2016இல் காக்ரேன் தொகுப்பாய்வு வந்தது. 42 சோதனைகள், 4,640 பெண்கள். போலி ஊசியோடு ஒப்பிட்ட ஆறு சோதனைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எல்லா அம்சங்களிலும் சார்பு குறைவாக இருந்தது ஒரே ஒரு சோதனை, அதில் வித்தியாசம் இல்லை. மாத்திரையோடு ஒப்பிட்டவற்றில் ஊசியே ஜெயித்திருந்தது. ஆனால் எவ்வளவு ஜெயித்தது என்பதில் அரைப் புள்ளி சொச்சத்திலிருந்து நான்கு புள்ளி வரை ஆளுக்கொரு கணக்கு. சராசரி எடுப்பதற்கே லாயக்கில்லை என்று விட்டுவிட்டார்கள். மாத்திரையை விழுங்குகிறோமா ஊசி குத்திக்கொள்கிறோமா என்பது யாருக்குத்தான் தெரியாமல் இருக்கும்? ஊசி உதவுகிறது என்றோ உதவவில்லை என்றோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பதுதான் முடிவு.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தச் சோதனைகளில் நிறைய சீனாவிலிருந்து வருபவை. 1998இல் ஆண்ட்ரூ விக்கர்ஸும் சகாக்களும் ஒன்றைக் கவனித்தார்கள். சீனா, ஜப்பான், ஹாங்காங், தைவான் நாடுகளிலிருந்து வந்த அக்குபங்சர் சோதனைகளில் அவர்கள் பார்த்த அத்தனையும் வெற்றி. நிஜமாகவே நல்ல மருந்துக்குக்கூட அப்படி நூற்றுக்கு நூறு வராது. தோற்ற சோதனைகள் பிரசுரமாகாமல் எங்கோ கிடக்கின்றன என்றுதான் சந்தேகப்படத் தோன்றுகிறது. எங்கள் ஆபீஸில் யாராவது எல்லா டெஸ்ட் கேஸும் எப்போதும் பாஸ் என்று சொன்னால், முதலில் டெஸ்ட் ஓடுகிறதா என்றுதான் பார்ப்போம்.

*

இதையெல்லாம் படித்துவிட்டு என் ஷீட்டைத் திரும்பத் திறந்தேன். 2021 ஆகஸ்டில் நடந்த மாற்றம் ஊசி மட்டும்தானா? அந்த மாதம்தான் சென்னை அறையிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். சோழிங்கநல்லூர் டிராஃபிக் இல்லை. முதல் நாள் காலையிலேயே அம்மா வெந்நீர்ப் பையைக் கட்டிலில் கொண்டுவந்து வைத்துவிடுவாள். சூட்டுக்கு ஆதாரம் இருக்கிறது. 2001இல் ஒரு சோதனையில் வயிற்றில் 39 டிகிரி சூட்டுப் பட்டை கட்டிக்கொண்டவர்களுக்கு இபுபுரோஃபென் அளவுக்கே நிவாரணம் கிடைத்தது. சமையல் என் வேலை இல்லை. தூக்கம் பத்தரைக்கு. ஒரே டெப்ளாய்மென்டில் ஐந்து மாற்றத்தைத் தள்ளிவிட்டு, ஒன்றுக்கு மட்டும் பாராட்டுக் கொடுத்திருக்கிறேன். ஜூனியர் யாராவது இப்படிச் செய்திருந்தால் கோட் ரிவ்யூவில் கிழித்திருப்பேன்.

அதைவிட ஒன்று. நான் ஊசிக்குப் போனது 9 வந்த மாதத்துக்கு அடுத்து. உச்சத்தில்தான் யாரும் புது வைத்தியம் தேடுவார்கள். உச்சத்துக்கு அடுத்து வருவது பெரும்பாலும் உச்சத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஒன்றுமே செய்யாவிட்டாலும். காய்ச்சல் நாலாம் நாள் எந்த மாத்திரைக்கும் கேட்கும் என்பார் எங்கள் தாத்தா. 2022 நடுவில் சென்னைக்குத் திரும்பினேன். ஊசியும் நின்றது, வெந்நீர்ப் பையும் நின்றது, தூக்கமும் போனது. எண்கள் 6, 6, 7.

அதற்காக அந்த அம்மாவை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2008இல் ஹார்வர்டின் டெட் காப்சுக் குழு குடல் எரிச்சல் நோயாளிகள் 262 பேரிடம் ஒரு சோதனை செய்தது. அதில் நிஜ ஊசியே இல்லை. காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களில் 28 சதவீதம் பேருக்குப் போதிய நிவாரணம். போலி ஊசியை மௌனமாகப் போட்டபோது 44 சதவீதம். அதே போலி ஊசியோடு அன்பாக உட்கார்ந்து கேட்டு, பேசி, நம்பிக்கை கொடுத்தபோது 62 சதவீதம். அந்த முக்கால் மணிநேரம்தான் என் மருந்தோ என்று தோன்றியது. உடனே ஹெல்ம்ஸின் அந்தக் குழுவும் ஞாபகம் வந்தது: மருத்துவரிடம் பேச மட்டும் செய்த பத்து பேரில் ஒருவருக்குத்தான் குணம். ஆகவே பேச்சுதான் எல்லாம் என்று எழுதி முடித்துவிடவும் எனக்கு வழியில்லை. எனக்கு என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. என் ஒருத்தியின் எட்டு எண்களிலிருந்து அது தெரியவும் வராது.

அந்த அம்மாவிடம் எனக்குத் தீராத கோபம் ஒரே வாக்கியத்தில்தான். மாத்திரையை நிறுத்திவிடு என்றது. ஊசியை ஆதரித்துப் பேசுகிற எந்த ஆய்விலும் அதற்கு இடமில்லை.

*

அன்று சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன். அக்காவும் லைனில் இருந்தாள்.

"மொதல்ல ஒரு நல்ல லேடி டாக்டர்கிட்ட காட்டுவோம். ஸ்கேன் ஒண்ணு எடுத்துருவோம்" என்றேன்.

"கல்யாணமாகாத புள்ளைய எதுக்குடி லேடி டாக்டர்கிட்ட? பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?" என்றாள் அம்மா. "அதுவுமில்லாம அந்த மாத்திரை வேற விஷம்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. கவர்ன்மென்ட்டே சொல்லிருக்கு."

அது முழுப் பொய் இல்லை என்பதுதான் கஷ்டம். மெஃபனமிக் ஆசிட் சிலருக்கு, மிக அரிதாக, தோலில் தடிப்பும் காய்ச்சலும் உள்ளுறுப்புப் பாதிப்பும் சேர்ந்த கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று 2023 நவம்பர் இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் எச்சரிக்கை விட்டது. கவனமாக இரு என்று சொன்னது. டிசம்பரில் அதுவே "விஷம்" என்று ஃபார்வர்டு ஆகிவிட்டது. அம்மாவுக்கு இதை விளக்க இருபது நிமிஷம் ஆனது. தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடவேண்டும், வேறு மாத்திரையும் இருக்கிறது, டாக்டரிடமே கேட்போம் என்றேன்.

"ஒனக்கு ஊசியிலதான சரியாச்சு?" என்று அக்கா கேட்டாள். சந்தேகமாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"எனக்குக் கொறஞ்சுச்சுக்கா. ஊசியாலயான்னு சொல்லத் தெரியல."

"அப்ப எதுக்கு எல்லார்கிட்டயும் சொன்ன?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி மதுரைக்குப் போனேன். சனிக்கிழமை பாப்பாவோடு டாக்டர் அறைக்குள் நான்தான் போனேன், அக்கா வெளியே உட்கார்ந்துகொண்டாள். முப்பத்தைந்து வயது இருக்கும் டாக்டருக்கு. என்னிடம் பேசாமல் நேராகப் பாப்பாவிடமே கேட்டார். எத்தனை நாள், எத்தனை பேட், பள்ளிக்கூடம் எத்தனை நாள் போகமுடியாமல் போகிறது, மற்ற நாட்களில் வலி இருக்கிறதா, மலம் கழிக்கும்போது வலிக்கிறதா. எனக்குள் பொறாமை மாதிரி ஒன்று வந்தது. வயிற்றின் மேல் வைத்துச் செய்யும் ஸ்கேன்தான், ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேனில் தெரியாததாலேயே ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது, மூன்று மாதம் பார்ப்போம், குறையாவிட்டால் கட்டாயம் திரும்ப வரவேண்டும் என்றார். வயிற்றுப்புண், ஆஸ்துமா உண்டா என்று கேட்டுவிட்டு இபுபுரோஃபென் எழுதினார். சீட்டின் பின்பக்கம் பேனாவால் எழுதிக்கொடுத்தார்: வலி தொடங்கும்போதே, சாப்பிட்டுவிட்டு, எட்டு மணிநேரத்துக்கு ஒருதரம், இரண்டு நாள். அந்தச் சீட்டை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

மயங்கி விழுந்த அன்று அவள் காலைச் சாப்பாடு சாப்பிடவே இல்லை என்பதும் அங்கேதான் வெளியே வந்தது.

திரும்பும்போது ஆட்டோவில் பாப்பா கேட்டாள். "சித்தி, அம்மாச்சி சொல்ற ஊசிய நான் போட்டுக்கிறவா வேணாமா?"

"போட்டுப் பாக்கணும்னா பாரு. சுத்தமான புது ஊசியான்னு பாத்துக்க. பெருசா கெடுதல் வராது. நல்லதும் நிச்சயம்னு சொல்ல மாட்டேன். ஆனா மாத்திரைய நிறுத்தச் சொன்னா எந்திரிச்சு வந்துரு."

"நீ படிச்சதுல என்னதான் போட்டுருக்கு?"

"சரியாத் தெரியலைன்னு போட்டுருக்கு."

"நாப்பது ஆராய்ச்சி பண்ணியுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு காலைத் தூக்கிச் சீட்டில் வைத்து, "எந்த இடத்துல குத்துவாங்க?" என்றாள். அவள் விரல்களையே கணுக்கால் எலும்புக்கு மேல் வைத்துக் காட்டினேன். மெல்லிய விரல்கள். என் அளவுக்கு இரண்டு விரல் கீழேயே அவள் புள்ளி வந்துவிட்டது. அழுத்திப் பார்த்துவிட்டு, "லேசா வலிக்குது. நல்லாவும் இருக்கு" என்றாள்.

ஊசிக்கு அவள் இதுவரை போகவில்லை. அம்மா ஒரு தடவை கேட்டாள், அரையாண்டுப் பரீட்சை என்று தள்ளிப்போட்டுவிட்டாள். என் ஷீட்டை அவளுக்கு ஷேர் செய்து ஒரு புதுப் பக்கம் போட்டுக்கொடுத்தேன். என்னுடையதில் தேதி, வலி என்று இரண்டு பத்திகள்தான் இருந்தன. அவளுடையதில் மாத்திரை போட்ட நேரம், தூக்கம், காலையில் என்ன சாப்பிட்டாள், மற்றவை என்று இன்னும் நான்கு சேர்த்தேன். நான்காவது மாதம் அவள் எழுதியிருந்தது இது. வலி 4. மாத்திரை 6.50. தூக்கம் ஏழு மணிநேரம். இட்லி மூணு. மற்றவை என்ற பத்தியில்: பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, மேத்ஸ் டீச்சர் வரவில்லை.